இருபத்திரண்டு மில்லிமீட்டர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்தது எனக்கு. போன நவம்பரில், ஐந்தே நாட்களில் நடந்தது.

என் பெயர் இமானோல். ஸ்பெயினில் துப்பாக்கிக்குப் பேர்போன எய்பார் ஊரில், ஆற்றோரக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் என் பட்டறை. பின்னறையில் படுக்கை. பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளைத் தேடி வாங்குவேன், சரிசெய்வேன், மனசுக்குப் பிடித்ததை விற்காமல் வைத்துக்கொள்வேன். மனைவி பெகோன்யா இறந்து நான்கு வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. எனக்கென்று மிச்சம் இருந்தது இந்த வேலையும், இதற்கு வேண்டிய வலதுகண்ணும்தான். முடி அளவு இடைவெளியைக்கூடக் கண்டுபிடித்துவிடும். அது போனால் நான் பட்டறையை மூட வேண்டியதுதான்.

அந்தத் துப்பாக்கி மலைமேல் ஒரு பண்ணைவீட்டுப் பரணில் கிடைத்தது. நூறு வருடப் பழசு. குழல்களைக் கொக்கியில் தொங்கவிட்டு விரலால் சுண்டினேன். கணீரென்று கோயில் மணி மாதிரி ஒலித்தது. ஒரு குறையும் இல்லை... கட்டை மட்டும் கோணல். தோளில் அணைக்கும் மரக்கட்டை, வலப்பக்கமாக இருபத்திரண்டு மில்லிமீட்டர் வளைந்திருந்தது.

கீழே மதுக்கடை வைத்திருக்கும் எனெகோ பார்த்ததுமே சொல்லிவிட்டான். அவனும் பழைய பட்டறை ஆள்தான்.

"டேய், இது ஒத்தக்கண்ணன் துப்பாக்கிடா. வலது தோள்ல வச்சு இடதுகண்ணால பாக்குறதுக்குச் செஞ்சது."

"தெரியும். நிமித்திருவேன். ஞாயித்துக்கெழம காட்டு உள்ளான் குருவி சுடப் போறேன்."

"அடப்பாவி! அடித்தகட்டக் கழட்டி அளவு பாத்தியா?"

"செத்தவன் அளவு எனக்கெதுக்கு? நீ பேசாம ஊத்து."

எங்கள் ஊரில் கட்டை செதுக்குபவன், யாருக்காகச் செய்கிறானோ அவன் உடம்பளவை, கட்டையின் தோள்முனையை மூடும் அடித்தகட்டுக்குக் கீழே மரத்தில் பென்சிலால் எழுதி வைப்பான். அதைப் படிக்காமல் யாரும் மரத்தில் கை வைக்க மாட்டார்கள். நான் வைத்தேன். திமிர், வேறென்ன.

செவ்வாய், மாலை 4:10. கட்டையின் கழுத்தில் துணி சுற்றி, வைஸ் என்னும் இரும்புப் பிடியில் இறுக்கி, கொதிக்கிற ஆளிவிதை எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் திருகினேன். மரம் இளகிக்கொடுத்தது. அளந்தேன். வளைவு நான்கு மில்லிமீட்டராகக் குறைந்திருந்தது. அப்படியே இறுக்கிவிட்டுப் பட்டறையைப் பூட்டினேன்.

புதன், காலை 7:20. இருபத்திரண்டு.

மரம் சில சமயம் பழைய வளைவுக்கே திரும்பும். புதிதில்லை. ஆனால் வைஸ் இறுகியபடியே இருந்தது... பிடியில் இருக்கும்போது மரம் எப்படித் திரும்பும்?

மறுபடி ஊற்றினேன். மறுபடி நான்கு.

வியாழன், காலை 7:15. இருபத்திரண்டு.

கட்டையின் மேல்விளிம்பில் ஒரு பிசுக்கு. விளக்கடியில் திருப்பிப் பார்த்தேன். யாரோ கன்னம் வைத்து அழுத்திய தடம். நரைத்த தாடிமயிர் ஒன்று ஒட்டியிருந்தது. நான் தினமும் சவரம் செய்கிறவன்.

எனெகோவிடம் சொன்னேன்.

"இன்னிக்கு எங்கூடப் படுத்துக்கோ," என்றான்.

"போடா, குழந்தையா நான்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். மாடிப்படி ஏறும்போது கால் தயங்கியது.

வெள்ளி, மாலை 5:35. வெளியே இருட்டிவிட்டது. மழை.

கடைசியாக அடித்தகட்டைக் கழற்றினேன். பென்சில் எழுத்து மங்காமல் இருந்தது. பெயர் இல்லை. கை நீளம், கழுத்து, தோள், கன்னம்... நாடாவை எடுத்து என்னை அளந்தேன்.

கை நீளம் சரி.

கழுத்து சரி.

தோள், கன்னம்... ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை.

கடைசி வரியில், "வலதுகண் இல்லை" என்றிருந்தது.

அப்போதே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. தகட்டைத் திரும்ப மாட்டி, குழல்களையும் பூட்டி, துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்தேன். ஏன் வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

டக்...

பின்னால் தரைப்பலகை அசைந்தது.

5:52.

வலது காதருகே மூச்சு. சூடாக...

திரும்ப முடியவில்லை. கழுத்து வரவில்லை.

ஒரு விரல். என் வலது இமைமேல் பட்டது. மெதுவாக... ரொம்ப மெதுவாக... மூடியது.

பெகோன்யாவுக்கு நான் மூடியதைப் போல.

வலிக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் விலகவும் இல்லை. நான்கு வருடமாக என்னை யாரும் தொட்டதில்லை.

கண்ணைத் திறந்தபோது வலப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. இடதுகண் குழல்களுக்கு நேராக இருந்தது. குறி அவ்வளவு சுத்தமாக என் வாழ்நாளில் வந்ததில்லை.

சனி, காலை 9:30. கண் மருத்துவர் இத்சியார் படம் எடுத்துப் பார்த்தார்.

"அடிபட்டு எத்தன வருஷமாச்சு ஐயா?"

"அடியா? நேத்து சாயந்திரம் வர நல்லாத் தெரிஞ்சுதும்மா."

"வாய்ப்பே இல்ல. உள்ள ஒரு ஈய ரவை இருக்கு பாருங்க. சுத்தித் தழும்பு மூடிக் கெட்டியாயிருச்சு. இந்தக் கண்ணு பாத்தே நாப்பது வருஷமாவது இருக்கும்."

"போன மார்ச்சுல நீங்கதானேம்மா சோதிச்சீங்க. வலதுகண் ரொம்ப நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தீங்களே?"

அவர் கோப்பைத் திறந்தார். மார்ச்சில் எழுதியிருந்த தன் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"வீட்ல கூட யாராவது இருக்காங்களா?"

முந்தின வாரம் கேட்டிருந்தால், இல்லை என்று சொல்லியிருப்பேன்.