ஏழு பேருக்கும் தோதான ஞாயிறு

கொல்லிமலையில் வண்டி போகாத இடத்தில் பாறைகளுக்கு நடுவே சீறும் காட்டாற்றில், துடுப்புப் போட்டு ரப்பர் படகு விடலாம் என்று கல்லூரித் தோழிகள் ஏழு பேர் ஆடி மாதம் முடிவு செய்தோம். தேதி குறிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஆவணியில் ஒருத்தி வீட்டில் கல்யாணம். ஐப்பசியில் எடப்பாடிக்காரியின் தறிப்பட்டறைக்குத் தீபாவளி ஆர்டர். தையில் எல்லோருக்குமே முகூர்த்தம். "நீயே ஒரு நாளச் சொல்லு புள்ள, வந்தர்றோம்" என்பார்கள். சொன்னால் வர மாட்டார்கள். திட்டித் தீர்த்து, கடைசியில் பங்குனியில் ஒரு ஞாயிறைப் பிடித்தேன். படகுக்குச் சொல்லியாயிற்று. புளிசோறா பிரியாணியா என்ற சண்டையும் ஓய்ந்தது.

கிளம்ப நான்கு நாள் இருக்கையில்தான், ஆற்றங்கரையில் மிளகுத் தோட்டம் வைத்திருப்பவருக்கு வழி கேட்கப் போன் செய்தேன்.

"ஏனுங்க, ஆத்துல தண்ணி இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க," என்றார். "குடிக்கிறதுக்கு இருக்குதுங்க."

மழை மாதங்களையெல்லாம் கல்யாணத்துக்கும் தறிக்கும் கொடுத்துவிட்டு, எங்களுக்கு மிஞ்சியது வெயில் காலம்தான் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. தண்ணீர் அடுத்த மழைக்கு வந்துவிடும். ஏழு பேரும் சேர்ந்து வருவது அப்படி இல்லை. தேதியை அப்படியே வைத்துக்கொண்டு, படகை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.