நானூறு மேற்கோள் வாங்கிய மாத்திரை

பல் துலக்குமுன்பே, தன் இதய மருந்துக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று போனில் பார்ப்பது அந்த ஆராய்ச்சியாளரின் வழக்கம். "இன்னிக்கு ஸ்கோர் என்னடி?" என்று, அவளை வளர்த்த சித்தி கேலி செய்வார்.

இன்று சித்தி ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். டாக்டர் அவரிடம் ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்ற அவளிடம் திரும்பினார்.

"உங்க கட்டுரையில இருக்கிற அளவுதான் மேடம். நானூறு பேர் மேற்கோள் காட்டியிருக்காங்களே."

அவளுக்குத்தான் தெரியும். பன்னிரண்டே நோயாளிகளை வைத்து எழுதியது அது. நானூறு பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்துப் போட்டார்களே தவிர, ஒரு மகராசனும் திரும்பச் சோதித்துப் பார்க்கவில்லை. அவளும்தான்.

சித்தி மாத்திரையை வாயருகே நிறுத்தினார். "நானூறு பேரு கிடக்கட்டும். நீ சொல்லு, முழுங்கட்டுமா?"

அவள் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் சித்தி."