தோட்டத்து மாதா கோயில் சுவரில் நாலாவது ஆள்

காலை 7.40. மெர்கோங்கில் இருக்கும் என் ஹார்ட்வேர் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, பீடோங் பஸ்ஸில் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் ஏழு வெள்ளி. குரூண் தாண்டும்வரை வலப்பக்கம் ஜெராய் மலை மேகத்துக்குள்ளேயே கிடந்தது. செமிலிங் பக்கம் நான் பிறந்த தோட்டத்தில் ஒரு சின்ன மாதா கோயில் உண்டு. அங்கே போய்ப் பதினைந்து வருஷமாகிறது.

போன மாதம் மகள் என்னை இத்தாலிக்கு அழைத்துப் போனாள். ஃபுளோரன்ஸில் மறுமலர்ச்சிக் காலத்துத் தேவாலயம் ஒன்று. சுவர் முழுக்க ஓவியம். மாதாவின் காலடியில், ஓரமாக, சிவப்பு அங்கிக்காரர் ஒருவர் முழங்காலில் இருந்தார்.

"இவர் எந்தப் புனிதர்மா?"

"புனிதர் இல்லைப்பா, வியாபாரி. படம் வரையக் காசு கொடுத்தவர். அதனால அவரையும் வரைஞ்சிட்டாங்க."

பக்கத்துச் சுவரில் சாரம் கட்டி, ஒரு பெண் பஞ்சு சுற்றிய குச்சியால் அழுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு உள்ளங்கை அளவுதான் துடைப்பார்களாம்.

எனக்கு அங்கேயே தோட்டத்துக் கோயில் ஞாபகம் வந்தது. எங்கள் கோயில் சுவரிலும் மாதாவின் காலடியில் நாலு பேர் இருந்தார்கள். படத்துக்காக ஆளுக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்த ரப்பர் பால்மரத் தொழிலாளிகள். பீடோங்கிலிருந்து சைக்கிளில் வந்த ஒரு விளம்பரப் பலகைக்காரர் வரைந்தது. நாலாவது ஆள் என் அப்பா. அந்தக் கோயிலுக்குத்தான் ஆறு மாதத்துக்கு முன் சுவருக்கு அடிக்க எட்டு டின் வெள்ளைச் சாயம் இனாமாகக் கொடுத்திருந்தேன். படம் இருக்கிறதா என்று போனில் கேட்கத் துணிவு வரவில்லை. நேரில் கிளம்பிவிட்டேன்.

9.10. பீடோங்கில் வாடகைக் காடி, பன்னிரண்டு வெள்ளி. ஓட்டியவர் பெயர் சேகர்.

"அங்க இன்னும் ஆளுங்க இருக்காங்களாண்ணே?" என்று கேட்டார்.

"கோயில் மட்டும்தான்," என்றேன்.

"எல்லாத் தோட்டத்துலயும் பால்மரம் போயி எண்ணெய்க்குச் செம்பனை வந்திருச்சு. ஆளுங்க டவுன் பக்கம் தாமான் வீடுங்களுக்குப் போயிட்டாங்க. சாமிதான் வீடு மாறல லா," என்றார்.

9.40. கோயில் சாவி வைத்திருக்கும் ஸ்டெல்லா அக்கா மோட்டார் சைக்கிளில் வந்து கதவைத் திறந்தார்.

"பாருங்க தம்பி, எப்படிப் பளிச்சுன்னு இருக்கு!"

நாலு சுவரும் வெள்ளை.

"சாயத்தைச் சுரண்டினா அடியில படம் இருக்குமாக்கா?"

"நீங்கதானே தம்பி சொன்னீங்க, கம்பி பிரஷ் போட்டு நல்லாத் தேய்ங்க, அப்பத்தான் சாயம் பிடிக்கும்னு? நாலு பேர் ரெண்டு நாள் தேய்ச்சோம்."

சொன்னேன்தான். அக்கா சாயம் கேட்டு வந்த அன்று கடையில் கூட்டம். சுவரெல்லாம் பூஞ்சை, படமெல்லாம் கறுத்துப்போச்சு என்றார் அவர். சிமெண்ட் மூட்டையை எண்ணிக்கொண்டே, எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னேன். எந்தப் படம் என்று யோசிக்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. எங்கம்மாவும் அந்தப் படத்துல இருந்தாங்க," என்றார்.

"தேய்க்கும்போது முகம் தெரிஞ்சதா?"

"தெரிஞ்சது. கண்ணை மூடிக்கிட்டுத் தேய்ச்சேன். கோயில் நல்லா ஆகணும்னுதானே?"

மூலையில் இருந்த அலமாரியைக் காட்டி, அதை மட்டும் நகர்த்தவில்லை என்றார். இருவரும் சேர்ந்து இழுத்தோம். பின்னால் தேய்க்காத சுவர், ஒரு முழ அகலம். பூஞ்சைக்கு நடுவே முழங்காலில் இருப்பவரின் வெறுங்கால்கள், பக்கவாட்டில் மடங்கியிருந்தன. பக்கத்தில் ரப்பர் பால் வாளி.

"கடைசி ஆள். உங்கப்பாதான்," என்றார் அக்கா.

தொட நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"அரை டின் மீதி இருக்கு தம்பி. திருவிழாவுக்கு முன்னாடி இதையும் அடிச்சிடலாங்கிறாங்க."

"வேண்டாங்க்கா. துடைக்கக்கூட வேண்டாம். இந்த வேலை தெரிஞ்ச ஆளைத் தேடிக் கூட்டிட்டு வர்றேன்."

"சரி. அதுவரை யாரையும் கைவைக்க விடமாட்டேன்." பிறகு மெதுவாகக் கேட்டார்: "எங்கம்மா தலையைக் குனிஞ்சிருந்தாங்க. உங்கப்பா மாதாவைப் பார்த்தாரா, நம்மளைப் பார்த்தாரா?"

அலமாரியைச் சுவரில் உரசாமல் மெதுவாகப் பழைய இடத்துக்குத் தள்ளினேன்.

11.30. காடி செம்பனைகளுக்கு நடுவே திரும்பியது. அப்பாவின் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தச் சுவரில் இருந்த முகம்தான் வரமாட்டேன் என்கிறது. பதினெட்டு வயதுவரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதற்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். பூசை எப்போது முடியும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.