ஒரு தே கலக்கு, தாயி

எங்கள் அம்மா கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை. பத்தொன்பது வயதில் அப்பாவைக் கட்டிக்கொண்டு இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர், முழங்கால் விட்டுப்போகும் வரை கொழுந்து எடுத்தார். அவர் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எந்த வீட்டில் குழந்தை அழுகிறது என்று காது கொடுத்தபடி, வாசலில் நின்றேதான் சாப்பிடுவார்.

எனக்கு முன் பிறந்த அண்ணன் நாற்பது நாள்கூட இருக்கவில்லை. "அப்ப யாராச்சும் ஒருத்தர் உள்ள வந்து பாத்திருந்தா..." என்பார் அம்மா. அதற்குமேல் சொல்ல மாட்டார்.

வேலையிலிருந்து நின்ற பின், கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்குத் தினமும் போகத் தொடங்கினார். யாரும் அனுப்பவில்லை; சம்பளமும் இல்லை. வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "ஒரு தே கலக்கு, தாயி." தாய் தேநீர் கலக்க அடுப்படிக்குப் போவாள்; குழந்தை அம்மாவின் கைக்கு வரும். குளிப்பாட்டுவார், துணி அலசுவார், தடுப்பூசிக்குக் கிளினிக் வரை கூடப் போவார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். மருந்தியல் டிப்ளோமா பெற்று, பிரிஞ்சாங்கில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். இதை எழுத எனக்குக் கூச்சமில்லை. லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் அம்மாதான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் ஒரு தவறும் செய்தேன்.

அம்மாவுக்கு இனிப்பு நீர் நோய். வீட்டில் சீனியே தொடாதவர், வெளியில் ஒரு நாளைக்கு ஆறு தே, அதுவும் டின்பால் ஊற்றிக் குடிக்கிறார் என்று தெரியவந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய், "அம்மா கேட்டா தே குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எல்லாரும் அப்படியே கேட்டார்கள். "படிச்ச புள்ள சொல்லிட்டுப் போயிருக்கு லா. எங்களுக்கு ஏச்சு வாங்கித் தராதீங்க பெரியம்மா!" என்று சிரித்தார்கள். கேட்க வேறொன்றும் இல்லாமல் அம்மா வாசலிலேயே நின்றார். "புள்ள நல்லாருக்கா?" "நல்லாருக்கு." அதோடு கதவைச் சாத்திவிடுவார்கள். வீட்டுக்குத் திரும்பி, அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

"தே இல்லாம இருக்க முடியலையோ?" என்று கேலி செய்தேன்.

"தே குடிக்கவாடி போனேன்? அவ எந்திரிச்சு அடுப்புக்குப் போறாளா, கை நடுங்குதா, வீட்ல பால் இருக்கான்னு பாக்கப் போனேன். கடைசி வீட்டுப் பொண்ணு மூணு நாளா கதவைப் பாதிதான் தொறக்குறா. நீயும் உன் மருந்துக் கடையும்!"

உடனே இருவரும் போனோம். முதல் பிள்ளை பெற்றவள். கணவர் லோரியோடு வெளியூர் போயிருந்தார். "சீனி வேணாம், பால் வேணாம். கோசோங் ஒண்ணு கலக்கு, தாயி" என்றார் அம்மா. அவள் அடுப்புப் பக்கம் திரும்பியவள், சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. "புள்ளையத் தூக்கவே பயமா இருக்கு பெரியம்மா" என்றாள். குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. அம்மா அதை நெஞ்சோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டார். நான் ஓடிப்போய்த் தோட்டத்து லோரியை மறித்து, எல்லாரையும் மருத்துவமனைக்கு ஏற்றிப்போனேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அதன்பின் அம்மா எல்லா வீட்டிலும் கோசோங்தான் குடித்தார். இடையிடையே டின்பாலும் போயிருக்கும், எனக்குத் தெரியும்.

மருத்துவமனையில் கடைசி வாரத்திலும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "மேல் லயத்துல ஒருத்தி பெத்திருப்பா, யாரு பாக்குறா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போய்ப் பார்த்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

"தே என்ன குடுத்தா?" என்றார்.

 மறுநாள் காலையிலேயே மேல் லயத்துக்குப் போனேன். பால் தே கொடுத்தாள், சீனி அதிகம். சொல்வதற்காக ஓடி வந்தேன். அம்மா கண் திறக்கவில்லை.

அவர் போய் ஓராண்டாகிறது. அன்று லோரியை மருத்துவமனைக்குத் திருப்பிய ஓட்டுநர் அண்ணனுக்கும், மருத்துவமனையில் துணையிருந்த உறவினர்களுக்கும், காரியம் முடியும் வரை தினமும் பிளாஸ்கில் கோசோங் கொண்டுவந்த கடைசி வீட்டுத் தங்கைக்கும், அம்மாவுக்குத் தே கலந்து கொடுத்த எல்லா வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சனிக்கிழமைகளில் கடை முடிந்ததும் நான் வருகிறேன். கதவைப் பாதியோடு நிறுத்திவிடாதீர்கள். எனக்கு இனிப்பு நீர் இல்லை; சீனி போட்டே கலக்குங்கள்.