கறுப்பைக் கறுப்பாக அடிக்கும் இயந்திரம்

பாளையங்கோட்டையில் பதினெட்டு வருஷமாக ஸ்டுடியோ நடத்துகிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம். வீடியோ என் கணவர் பொறுப்பு, படங்கள் என் பொறுப்பு. ஸ்ரீவைகுண்டம் பக்கத்துத் தோட்டங்களில் வாழைத்தார் சுமக்கும் பெண்களை எனக்காக மட்டும் இரண்டு வருஷமாக எடுத்து வைத்திருந்தேன். அதைக் கேள்விப்பட்ட ஒரு கல்லூரி, தங்கள் அரங்கில் ஆளுயரத்துக்கு வைக்கலாமா என்று கேட்டது. ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையில் அவற்றைக் கொடுக்க மனம் வரவில்லை. சொந்தமாகவே பெரிய பிரிண்டர் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தோம்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு ஷோரூமுக்குச் சோதனைக்காக ஒரே ஒரு படத்தை எடுத்துப்போனோம். ஐம்பது வயதுப் பெண் ஒருவர் தோளில் தாருடன் வரப்பில் நிற்கும் படம். நல்ல கறுப்பு. வியர்த்த கன்னத்தில் காலை வெளிச்சம் லேசான நீலமாகப் படிந்திருக்கும். புருவத்தில் பழைய வெட்டுத் தழும்பு. சேலை முழுக்க வாழைக்கறை.

விற்பனையாளர் இயந்திரத்தின் பெருமைகளை என் கணவரைப் பார்த்தே சொன்னார். மை தண்ணீர் பட்டால் கரையுமா, எத்தனை வருஷம் நிறம் நிற்கும் என்று கேட்டது நான். பதில் போனது என் கணவருக்கு. பிறகு விற்பனையாளர் படத்தைக் கணினியில் திறந்து ஏதோ தட்டினார். தாள் அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. நான் குனிந்து பார்த்தேன்.

அந்த முகம் எனக்குத் தெரியாத முகம். கோதுமை நிறம். கன்னத்தில் ரோஜா நிறம் வேறு. தழும்பைக் காணோம்.

"என்ன செஞ்சீங்க?" என்றேன்.

"ஒண்ணும் செய்யல மேடம். லேசா கலர் ஏத்திருக்கேன். அப்பிடியே அடிச்சா கரிக்கட்டை மாதிரில்லா வரும்." என் கணவர் பக்கம் திரும்பிச் சிரித்தார். "யாரு சார் இது? உங்க தோட்டத்து வேலக்காரியா?"

அந்தத் தாளைச் சுருட்டி ஓரமாக வைத்தேன்.

நிறத்தைத் தொடாமல் இன்னொன்று அடிக்கச் சொன்னேன். சலித்துக்கொண்டே அடித்தார். கழுத்துக்குக் கீழே நிழலெல்லாம் ஒரே திட்டாக அப்பியிருந்தது. டியூப்லைட்டில் முகம் பச்சையடித்தது. வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்தால் செம்மண் நிறம்.

"கறுப்புன்னா அப்பிடித்தான் மேடம் இருக்கும்" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் பைக்கில் அதே நினைப்புதான். அந்த ஆளைத் திட்ட வாயெடுத்தால் என்னைத்தான் முதலில் திட்ட வேண்டும். ஒரே தட்டில் முகத்தை வெளுக்கிற அதே வித்தை என் கணினியிலும் இருக்கிறது. அதற்கு 'கல்யாணப் பொண்ணு' என்று பெயர்கூட வைத்திருக்கிறேன். மணமகள், மாப்பிள்ளை, பந்தியில் உட்கார்ந்த சொந்தபந்தம் என்று ஒருவரையும் விட்டதில்லை. யாரும் கேட்காமலேயே வெளுத்துத் தள்ளியிருக்கிறேன்.

அதற்கு மூன்று வருஷம் முன்பு கல்லிடைக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். அவள் கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். வயல் வேலை செய்துவந்த அவள் அப்பா இறந்துவிட்டார். அவர் நல்லபடியாக நின்று எடுத்த படம் அந்த ஆல்பத்தில் மட்டும்தான் இருந்தது. பெரிதாக்கித் தரச் சொன்னாள். கூடவே தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள்.

"எங்கப்பா இவ்வளவு வெள்ளை கிடையாதுக்கா. அவிய நெறத்துலயே போட்டுத் தாங்க."

முதலில் எடுத்த கோப்பு என்னிடம் இல்லை. ஹார்டு டிஸ்கில் இடம் போதாமல் அழித்திருந்தேன். வெளுத்ததைத் திரும்பக் கறுப்பாக்கிப் பார்த்தேன். சாம்பல் பூசிய மாதிரி வந்தது. மூன்று முறை மாற்றியும் அவர் திரும்பி வரவில்லை. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்க்கா" என்று வாங்கிக்கொண்டு போனாள். ஏசியிருக்கலாம். அந்த 'இருக்கட்டும்' இன்றைக்கும் என் மேல் ஒட்டிய அசிங்கம் போலத்தான் இருக்கிறது. வாழைப்பெண்களை எடுத்த படங்களில் நான் நிறத்தைத் தொடாததற்குக் காரணமே அவள்தான்.

மேலப்பாளையத்தில் துணி டிசைன்களை அச்சடிக்கும் பாய் ஒருவர் நல்ல இயந்திரம் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே போனேன்.

"இதுல என்னத்த மாத்தணும்?" என்று கேட்டார்.

"ஒண்ணையும் மாத்தாதீங்க பாய்."

"நிம்மதி. வாரவங்க எல்லாரும் மாத்தத்தான் சொல்லுதாங்க."

முதலில் நிறக்கட்டங்கள் நிறைந்த ஒரு தாளை அடித்து, கைக்கருவி ஒன்றால் கட்டம் கட்டமாக அளந்தார். அந்தத் தாளுக்கு எவ்வளவு மை வேண்டும் என்று அளவு எடுக்கிறாராம். பிறகு பஞ்சுபோலக் கனமான, மினுக்கம் இல்லாத தாளில் என் படத்தை ஓட விட்டார். கை நீட்டியபோது தடுத்தார்.

"பைய. காயட்டும்."

காய்ந்ததும் தூக்கிப் பார்த்தேன். கறுப்புக்குள் எத்தனையோ கறுப்புகள் தனித்தனியே நின்றன. தழும்பு இருந்தது. நீல வெளிச்சம் இருந்தது. விளக்கிலும் வெயிலிலும் ஒரே முகம். அதே மாதிரி இயந்திரம்தான் வாங்குவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

கல்லூரிக் கண்காட்சி அன்று, படத்தில் இருந்த அந்த அம்மா சலவைச் சேலை உடுத்தி பஸ்ஸில் வந்திருந்தார். தன் படத்தின் முன்னால் நின்று, "கறைச்சேலையோட நிக்கேன்லா. எம்மவன் பாத்தா ஏசுவான்" என்று வாயைப் பொத்திச் சிரித்தார்.

சிறப்பு விருந்தினர் வந்தார். 'கலை', 'உழைப்பு' என்றெல்லாம் பேசிவிட்டு, அந்தப் படத்தோடு தன்னைப் படம் எடுத்துக்கொள்ளப் போனை நீட்டினார்.

"தள்ளி நில்லும்மா. படம் மறைக்குது" என்றார் அந்த அம்மாவிடம்.

"சார், படத்துல இருக்கது இவங்கதான்" என்றேன்.

அந்த அம்மாவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பலமாகச் சிரித்து, "அப்ப வாங்க, வாங்க" என்று அவரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். எடுத்ததைக் காட்டினார். போன் தானாகவே இரண்டு பேரையும் வெளுத்திருந்தது. பின்னால் இருந்த ஆளுயரப் படத்தையும் பாதி வெளுத்திருந்தது.

அந்த அம்மா போனைக் கூர்ந்து பார்த்தார். "இது நல்லாருக்கே. எம்மவன் போனுக்கு அனுப்புதியளா?" என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என்னைப் போன்றவர்கள் அடித்துக் கொடுத்த ஆல்பங்களைப் பார்த்துத்தானே அவரும் அதை நல்லது என்கிறார்.

கண்காட்சி முடிந்ததும் பெரிய படத்தைத் தருவதாகச் சொன்னேன். "இத மாட்ட எங்கன சுவரு இருக்கு எங்க வீட்டுல? சின்னதா ஒண்ணு தாங்க" என்றார். அதே தாளில், அதே மையில், முழங்கை நீளத்துக்கு ஒன்று அடித்துத் தோட்டத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, மடங்காமல் இருக்க வைத்த அட்டையோடு தூக்குவாளிப் பையில் நிறுத்தி வைத்தார். லாரி காத்திருந்தது. அடுத்த தாரைத் தூக்கப் போனார்.