மேசையில் ஒட்டிய சாம்பல்

அந்தப் பாலிஷ்காரரை நினைத்தாலே எனக்கு என் மேல்தான் ஆத்திரம் வரும்.

அப்போது சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்கு வாட்ச்மேன் வேலை. உள்ளே போகிறவர்களைத் தடவிப் பார்த்து, பீடி, தீப்பெட்டியைப் பிடுங்கி வைக்க வேண்டும். முதலாளியின் புது வெனீர் மேசைக்கு லாக்கர் பாலிஷ் அடிக்க வந்தவரிடமும் பிடுங்கினேன்.

ஒல்லியான ஆள். பாலிஷில் கலக்கும் தின்னர் பட்டுப் பட்டு விரலெல்லாம் வெடித்திருக்கும். ஒவ்வொரு பூச்சும் காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, கண்ணை மூடிப் புறங்கையால் தடவுவார். ஒரு தூசி நெருடினாலும் விடமாட்டார், மறுபடி தேய்ப்பார்.

கடைசிப் பூச்சு ஈரமாக இருந்தது. ஆபீஸ் அறை முழுக்கத் தின்னர் வாடை. முதலாளி வாயில் சிகரெட்டோடு வந்து, பளபளப்பில் முகம் பார்க்கக் குனிந்தார். சாம்பல் மேசையில் விழுந்தது. பாலிஷ்காரர் பாய்ந்து சிகரெட்டைப் பிடுங்கித் தண்ணீர் வாளிக்குள் அமுக்கினார். முதலாளியின் பையைத் தூக்கிக்கொண்டு நின்ற என்னிடம் திரும்பிக் கத்தினார்.

“எம் பீடியப் பிடுங்குனீகளே, இவுகளத் தடவிப் பாத்தீகளா? இது பத்துனா, அங்கன செட்டுல மருந்து அடைக்கிற பொம்பளைக எங்கன ஓடுவாக?”

நான் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

“முதல்ல அந்தச் சாம்பலை எடுய்யா” என்றார் முதலாளி.

“தேச்சாப் போயிரும். தேய்க்க மாட்டேன்.”

பாலிஷ்காரர் சாமான்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார். சாம்பல் புள்ளி அப்படியே காய்ந்தது.

மறுநாள் காலை முதலாளியின் கார் வந்தது. அவர் சட்டைப்பையில் சிகரெட் பெட்டி துருத்திக்கொண்டிருந்தது. நான் சல்யூட் அடித்துக் கேட்டைத் திறந்துவிட்டேன்.