மதகுக்கு ஒரு மொழி

எங்கள் தோட்டத்துப் பெரிய வாய்க்கால் கடலைத் தொடும் இடத்தில் ஒரு மதகு இருக்கிறது. கடல் இறங்கும்போது திறந்து மழைத் தண்ணீரை வெளியே விடவேண்டும். ஏறும்போது மூடவேண்டும். தவறினால் உப்புத் தண்ணீர் செம்பனைக் கன்றுகளுக்குள் வந்துவிடும். அதைப் பார்த்துக்கொள்வதும், அளவுகோலில் கடல் மட்டத்தைப் பார்த்து நோட்டில் எழுதுவதும் என் வேலை.

புஞ்சாக் ஆலாமில் தங்கிக் கணினி படிக்கும் என் மகள், கடைசி வருடப் புராஜெக்டுக்காகப் புதிதாக ஒரு கணினி மொழியையே உருவாக்கினாள். அந்த மொழியில் எழுதிய நிரல், கடல் மட்டத்தை அளக்கும் ஒரு மிதவையைப் பார்த்து, என் மதகைத் தானாகத் திறந்து மூடவேண்டும். சோதித்துப் பார்க்க மேனேஜர் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிக் கொடுத்தார்.

நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன். "இருக்கிற மொழி பத்தாதா?" என்று கேட்டேன்.

"சில மொழி வேலைக்கு நடுவுல நின்னு, தேவையில்லாத பழசையெல்லாம் கூட்டித் தள்ளும்பா. அதுவரைக்கும் கடல் நிக்குமா?"

அவளுடையது நிற்காது. ஒரே அளவைக் கொடுத்தால் எத்தனை முறையும் ஒரே பதில்தான். மதகை இழுக்கும் மோட்டாரை ஒரு நேரத்தில் நிரலின் ஒரு பகுதிதான் பிடிக்கலாம். அது கொடுத்தால்தான் அடுத்ததுக்கு. இது எனக்கு உடனே புரிந்தது. மதகுக்கு ஒரே சாவி. அடுத்த ஆள் கையில் கொடுக்காமல் நான் வீட்டுக்கு வந்ததில்லை.

"உங்களப் பார்த்து காப்பி அடிச்சதுதான் லா," என்றாள். கூச்சத்தில் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன்.

சனிக்கிழமை சாப்பிடும்போது சொன்னாள்: "உங்க நோட்டுல இருக்கிற கடல் அளவு எல்லாத்தையும் கொடுத்துப் பார்த்துட்டேன். ஜீரோன்னா கடல் நல்லா இறங்கிடுச்சு, உடனே திறந்துடும்."

அந்த ஜீரோக்களில் சில பொய். அளவுகோலில் சேறு அப்பிக்கொண்டால் எண் தெரியாது. கட்டம் காலியாக இருந்தால், நோட்டைச் சரிபார்க்கும் பழைய ஆபீஸ் கிராணி கத்துவார். அதனால் ஜீரோ போட்டுவிட்டு, கடலைக் கண்ணால் பார்த்து மதகைத் திறப்பேன். அவர் போனபிறகும் பழக்கம் போகவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னேன்.

"எத்தனை ஜீரோ இப்படி?"

"தெரியலம்மா."

"அடப்பாவி அப்பா! மிதவையில சேறு பட்டு அளவு வராட்டியும் ஜீரோன்னுதான் எழுதியிருக்கேன். நாளைக்குக் கடலையே உள்ள கூப்பிட்டிருப்பேன்!" சிரித்தாள். கை கழுவாமல் கணினி முன் உட்கார்ந்தாள்.

ஒரே இடத்தில்தான் மாற்றினாள்: அளவு என்பது ஒரு எண், இல்லையென்றால் 'தெரியாது'. அவ்வளவுதான். அவளுடைய மொழி அதற்குமேல் நகர மறுத்தது. ஐந்து இடங்களைக் காட்டி, தெரியாவிட்டால் இங்கே என்ன செய்வது என்று கேட்டது. நான்குக்குப் பதில் எழுதியும் விடவில்லை. ஐந்தாவதையும் எழுதியபிறகுதான் சம்மதித்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னிடம் எல்லாரும் கட்டத்தை நிரப்பத்தான் சொன்னார்கள். தெரியாவிட்டால் என்ன செய்வாய் என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடல் ஏறிக்கொண்டிருந்தது. நானே இறங்கி மிதவையின்மேல் கைநிறையச் சேற்றை அப்பினேன். மகள் நகம் கடித்தாள். மூடியிருந்த மதகு அசையவில்லை. என் கைப்பேசி அடித்தது: "அளவு தெரியவில்லை. மூடியே இருக்கிறது. வந்து பார்க்கவும்."

சேற்றுக் கையோடு நோட்டை எடுத்தேன். அந்த நேரத்துக் கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினேன்.